பெயரும் பொருளும்: கணித நூலகத்தை நிரலோடு இணைத்தல்

கணிப்பொறி என்றால் கணக்குப் போடும் பொறி என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் சி மொழியில் முதன்முதலாக நிரல் எழுதத் தொடங்கும் கணித மாணவர் வெகு விரைவில் வியப்பான ஓர் உண்மையைக் கண்டுகொள்கிறார். அந்த மொழிக்குத் தானாகத் தெரிந்த கணக்கு மிகவும் சொற்பமே. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், முழு எண்களை வகுத்து மீதி காணல் ஆகியவற்றோடு அதன் கணித அறிவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வர்க்கமூலம் தெரியாது. அடுக்கு தெரியாது. சைன், கொசைன், மடக்கை எதுவும் தெரியாது. இவையெல்லாம் வல்லுநர்கள் எழுதி வைத்த சார்புகளாக, மொழிக்கு வெளியே ஒரு நூலகத்தில் அடங்கியுள்ளன.

அந்த நூலகத்தின் துணையைப் பெற நாம் செய்ய வேண்டிய பணிகள் இரண்டு. ஒன்று, சார்பின் பெயரை அறிவித்தல். மற்றொன்று, சார்பையே கொண்டுவந்து இணைத்தல். இவ்விரண்டும் வெவ்வேறு பணிகள்; வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு கருவிகளால் நடைபெறுபவை. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் தானே முடிந்துவிடும் என்று எண்ணுவதால் நம் ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ மணி நேரம் வீணாகிறது. சூத்திரம் சரியாக இருந்தும், "எனக்குக் கணக்கு வரவில்லை" என்று சோர்ந்து போகிறவர்களும் உண்டு. அச்சோர்வு தேவையற்றது என்பதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். திரையில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டியவற்றை இங்கே ஒலிப்பு முறையில் தமிழில் தருகிறேன்.

வாய்க்கால் நீரும் ஓர் அடுக்கும்

எங்கள் ஊர் நீடாமங்கலம். அதன் அருகே உள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று நீர் மூன்றாகப் பிரிகிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளாகிய ஜூன் 12 நெருங்கினால், எந்த ஆற்றில் எத்தனை கன அடி விடுவார்கள் என்பதே தேநீர்க் கடைகளில் பேச்சு. ஆகவே என் முதல் எடுத்துக்காட்டை வாய்க்காலிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

திறந்த வாய்க்காலில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிட, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ஆம் ஆண்டில் முன்வைத்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நீரின் குறுக்குவெட்டுப் பரப்பை, நீர் தொட்டு நிற்கும் சுற்றளவால் வகுத்தால் கிடைப்பது நீரியல் ஆரம். அதனை மூன்றில் இரண்டு என்னும் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அத்துடன் சரிவின் வர்க்கமூலத்தைப் பெருக்கிச் சொரசொரப்புக் கெழுவால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

கணக்கிற்காக ஒரு வாய்க்காலைக் கற்பனை செய்துகொள்வோம். அகலம் 4 மீட்டர், நீரின் ஆழம் 1 மீட்டர், கரைகள் செங்குத்தானவை, 4000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, மண் வாய்க்கால் என்பதால் சொரசொரப்புக் கெழு 0.025. பரப்பு 4 சதுர மீட்டர், ஈரச் சுற்றளவு 6 மீட்டர், ஆரம் 0.667 மீட்டர். அதன் மூன்றில் இரண்டு அடுக்கு 0.763. சரிவின் வர்க்கமூலம் 0.0158. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.48 மீட்டர். ஓடும் நீர் நொடிக்கு 1.93 கன மீட்டர், அதாவது சுமார் 68 கன அடி.

கையால் போட மடக்கை அட்டவணை வேண்டும். நிரலிலோ இரண்டே சார்புகள் போதும். அடுக்குக்குப் 'பவ்', வர்க்கமூலத்துக்கு 'ஸ்கொயர்ரூட்'. நிரலின் தலையில் 'இன்க்ளூட் மேத்.ஹெச்' என்ற வரியையும் எழுதிவிட்டோம். பாஸ் லினக்ஸ் போன்ற கணிப்பொறியில் 'ஜிசிசி நீர்.சி' என்று கட்டளை தருகிறோம். உடனே 'பவ்' என்பதற்கு வரையறை இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வருகிறது. மேத்.ஹெச்சைச் சேர்த்த பின்னும் இவ்வாறு வருவது ஏன்?

இரண்டு தலைப்புகள்

எங்கள் பகுதியில் தலைப்பு என்றால் மதகுகள் உள்ள இடம். அதைத் திறந்தால் நீர் வரும். கணிப்பொறியிலும் மேத்.ஹெச் போன்றவற்றைத் தலைப்புக் கோப்பு என்றே சொல்கிறோம். ஆனால் இந்தத் தலைப்பில் ஒரு சொட்டு நீரும் இல்லை. 'பவ் என்று ஒரு சார்பு இருக்கிறது. அது இரண்டு தசம எண்களைப் பெற்றுக்கொண்டு ஒரு தசம எண்ணைத் தரும்' என்ற அறிவிப்பு மட்டுமே அதில் உள்ளது. அடுக்கைக் கணக்கிடும் வழி அதில் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுபோன்றதே தலைப்புக் கோப்பு.

நிரல் உருவாகும் படிகளை வரிசையாகக் கண்டால் இது தெளிவாகும். முதலில் முன்செயலி என்னும் கருவி, 'இன்க்ளூட்' வரி இருக்கும் இடத்தில் தலைப்புக் கோப்பின் உரையை அப்படியே படியெடுத்து வைக்கிறது. அடுத்துத் தொகுப்பான், அதாவது கம்பைலர், நம் வரிகளைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றுகிறது. 'பவ்' வரும் இடத்தில் அதற்கு எத்தகைய எண்களை அனுப்ப வேண்டும், எத்தகைய எண் திரும்பி வரும் என்பதை அறிவிப்பைக் கொண்டு தெரிந்துகொள்கிறது. சார்பின் முகவரி தெரியாததால் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, 'பவ் தேவை' என்று குறித்து வைக்கிறது. இறுதியாக இணைப்பான், அதாவது லிங்கர் வருகிறது. குறித்து வைத்த பெயர்களை நூலகங்களில் தேடிக் கண்டுபிடித்து வெற்றிடங்களை நிரப்புவது இதன் பணி.

தேட வேண்டிய நூலகம் எது என்று நாம் சொல்லாவிட்டால், வழக்கமான சி நூலகத்தில் மட்டும் இணைப்பான் தேடும். லினக்ஸில் கணிதச் சார்புகள் அங்கே இல்லை. 'லிப்எம்' என்ற தனி நூலகத்தில் உள்ளன. ஆகவே 'ஜிசிசி நீர்.சி -எல்எம்' என்று கட்டளையிட வேண்டும். இதில் 'எல்' என்பது நூலகத்தையும், 'எம்' என்பது கணிதத்தையும் குறிக்கும். கோப்பின் பெயரில் உள்ள 'லிப்' என்ற முன்னொட்டை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் எழுதுவது மரபு.

வரிசையும் முக்கியம். இணைப்பான் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். எது தேவை என்று தெரிந்த பிறகே அது நூலகத்தைத் திறந்து தேடும். நூலகத்தை முதலில் காட்டி, நிரலைப் பின்னர் காட்டினால், 'இப்போது எதுவும் தேவையில்லை' என்று அதைக் கடந்து போய்விடக்கூடும். எனவே கேட்பவர் முன்னும் கொடுப்பவர் பின்னுமாக எழுத வேண்டும் என்று நினைவில் கொள்க.

சிலருக்கு மட்டும் ஏன் பிழை வருவதில்லை?

இங்கே நண்பர்கள் சிலர் வினவலாம். "டர்போ சி-யில் இப்படி எதுவும் எழுதவில்லையே, ஆயினும் வர்க்கமூலம் வந்ததே?" உண்மைதான். டர்போ சி தன் கணித நூலகத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். சி ப்ளஸ் ப்ளஸ் நிரலை ஜி ப்ளஸ் ப்ளஸ் கொண்டு தொகுத்தாலும் கணித நூலகம் தானே சேரும். அங்கெல்லாம் இணைப்பு நடைபெறாமல் இல்லை. நம் கண்ணில் படாமல் நடைபெறுகிறது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான இயங்குதளம் அது. டர்போ சி-யில் பழகிய கைகள் அத்தகைய லினக்ஸுக்கு மாறும்போதுதான் மறைந்திருந்த இந்தப் படி வெளிப்பட்டது.

கணித நூலகத்தைத் தனியே வைத்தது யூனிக்ஸ் காலத்து மரபு. அந்நாளில் நினைவகம் சிறியது. தசம எண் கணக்குக்கான வன்பொருள் பல பொறிகளில் இல்லை. கணிதம் தேவைப்படாத நிரல்கள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை என்று பிரித்து வைத்தனர். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2021-இல் வந்த 2.34 பதிப்பில், முன்பு தனித்திருந்த சில துணை நூலகங்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. கணித நூலகத்தை மட்டும் அப்போதும் தனியாகவே விட்டு வைத்தது.

இன்னொரு புதிரும் உண்டு. லினக்ஸிலேயே 2-இன் வர்க்கமூலத்தை நேரடியாக எண்ணாகக் கொடுத்துக் கேட்டால் 'எல்எம்' இல்லாமலே விடை வந்துவிடும். அந்த 2-ஐ விசைப்பலகையிலிருந்து பெற்றால் பிழை வரும்! காரணம் எளிது. எண் முன்னரே தெரிந்திருந்தால் தொகுப்பானே அதன் வர்க்கமூலத்தைக் கணக்கிட்டு விடையை எழுதிவிடுகிறது. நூலகத்தை அழைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அந்தக் கணக்கைத் தொகுப்பான் எதைக் கொண்டு செய்கிறது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

கும்பகோணத்துத் தொடர்

கணிப்பொறியுடன் வரும் கணித நூலகமும் போதாத நிலை ஒன்று உண்டு. அதற்கான எடுத்துக்காட்டும் நமக்குத் தொலைவில் இல்லை. நீடாமங்கலத்திலிருந்து வலங்கைமான் வழியே பேருந்தில் சென்றால் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்து, 1904-இல் அங்குள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் உதவித்தொகையை இழந்தவர் சீனிவாச ராமானுஜன். பள்ளிப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அறிவித்தது. நிறுவல்களைச் சுருக்கமாகவே தந்தது. அந்த அறிவிப்புகளுக்கு உரிய பொருளைத் தாமே தேடி நிரப்பியதில்தான் அவருடைய மேதைமை வளர்ந்தது.

1914-இல் வெளிவந்த ஓர் ஆய்வுரையில், பை என்னும் எண்ணின் தலைகீழியைக் காணும் தொடர்களை அவர் அளித்தார். அவற்றுள் புகழ்பெற்றது ஒன்று. அதன் உறுப்புகளை 0, 1, 2 என்று எண்ணி, உறுப்பின் எண்ணைக் 'க' என்று வைத்துக்கொண்டால், (4க)!-ஐ (1103 + 26390க)-ஆல் பெருக்க வேண்டும். அதனை க!-இன் நான்காம் அடுக்காலும், 396-இன் 4க அடுக்காலும் வகுக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் உறுப்புகளைக் கூட்டி, 2-இன் வர்க்கமூலத்தின் இருமடங்கால் பெருக்கி, 9801-ஆல் வகுத்தால் பையின் தலைகீழி கிடைக்கும்.

இத்தொடரின் சிறப்பு அதன் வேகம். முதல் உறுப்பு மட்டும் கொண்டு கணக்கிட்டால் 3.14159273 கிடைக்கிறது. ஆறு தசம இடங்கள் சரி. இரண்டு உறுப்புகளுக்குப் பதினைந்து இடங்கள். மூன்று உறுப்புகளுக்கு இருபத்து மூன்று இடங்கள். ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கிறது. 1985-இல் அமெரிக்கரான பில் காஸ்பர் இத்தொடரைக் கொண்டே பையின் 1 கோடியே 75 லட்சத்து 26 ஆயிரத்து 200 இலக்கங்களைக் கணக்கிட்டார். தொடர் சரியென்று போர்வைன் சகோதரர்கள் முழுமையாக நிறுவியது அதற்குப் பின், 1987-இல்தான் என்பது இன்னொரு வியப்பு.

இதனை நம் கணிப்பொறியில் 'டபுள்' வகை எண்களைக் கொண்டு நிரலாக எழுதி, 'எல்எம்' இணைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் உறுப்பிலேயே விடை பதினைந்து இடங்களை எட்டிவிடும். மூன்றாம் உறுப்பு கடைசி இலக்கத்தைச் சற்றே அசைக்கும். நான்காம் உறுப்பைக் கூட்டினால் எந்த மாற்றமும் தெரியாது. பத்து உறுப்புகள் கூட்டினாலும் அதே விடைதான். தொடர் நின்றுவிடவில்லை, பாத்திரம் நிரம்பிவிட்டது. 'டபுள்' எண்ணுக்கு 53 பிட்டு அளவே துல்லியம். தசமத்தில் ஏறக்குறைய பதினாறு இலக்கம். மரக்காலில் அளக்கும் நெல் மரக்காலுக்கு மேல் நில்லாது. மிகுந்த இலக்கங்களைத் தாங்கப் பெரிய பாத்திரம் வேண்டும். அதுவே வெளி நூலகம்.

வெளி நூலகத்தை அழைத்தல்

ஜிஎம்பி என்பது எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கையாளும் நூலகம். 1991-இல் முதலில் வெளியானது. எம்பிஎஃப்ஆர் என்பது அதன் மேல் கட்டப்பட்ட நூலகம். தசம எண்களை நாம் கேட்கும் துல்லியத்தில் கணக்கிட்டு, முறையாக முழுமையாக்கித் தரும். பிரான்சு நாட்டு ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டது. இரண்டையும் எவரும் இலவசமாகப் பெறலாம்.

இவை கணிப்பொறியில் முன்னரே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நூலகம் இருந்தாலும் தலைப்புக் கோப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் இவ்விரண்டும் தனித்தனிப் பொதிகளில் வருகின்றன. நிரலை ஓட்டுவதற்குரிய பொதி ஒன்று. நிரலை எழுதித் தொகுப்பதற்கு வேண்டிய, பெயர் முடிவில் 'டெவ்' என்று வரும் பொதி மற்றொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது.

நிரலில் எம்பிஎஃப்ஆர்.ஹெச்சை 'இன்க்ளூட்' செய்கிறோம். மாறிகளுக்கு 200 பிட்டுத் துல்லியம் என்று அறிவிக்கிறோம்; அது தசமத்தில் 60 இலக்கம். தொகுக்கும்போது 'ஜிசிசி பை.சி -எல்எம்பிஎஃப்ஆர் -எல்ஜிஎம்பி' என்று கட்டளையிடுகிறோம். எம்பிஎஃப்ஆர், ஜிஎம்பியின் துணையை நாடுவதால், கேட்பவர் முன், கொடுப்பவர் பின் என்ற அதே விதிப்படி ஜிஎம்பி கடைசியில் வருகிறது. இப்போது ஓட்டினால் தொடர் மீண்டும் உயிர் பெறுகிறது. எட்டு உறுப்புகளில் 60 இலக்கங்களும் நிரம்பிவிடுகின்றன.

நூலகத்தை வழக்கமான இடத்தில் அல்லாமல் நம் சொந்த அடைவில் வைத்திருந்தால், தலைப்புக் கோப்பு இருக்கும் இடத்தைப் பெரிய 'ஐ' எழுத்தாலும், நூலகம் இருக்கும் இடத்தைப் பெரிய 'எல்' எழுத்தாலும் கட்டளையில் காட்ட வேண்டும். பெயருக்கு ஒரு முகவரி, பொருளுக்கு ஒரு முகவரி. இவை இரண்டு வேறு பணிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, முன்னர் விட்ட புதிருக்கு வருவோம். 2-இன் வர்க்கமூலத்தைத் தொகுப்பான் தானே கணக்கிட்டது அல்லவா? ஜிசிசி 2008-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து அத்தகைய கணக்குகளுக்கு எம்பிஎஃப்ஆர், ஜிஎம்பி நூலகங்களையே நாடுகிறது. நமக்கு இணைப்பைச் செய்து தரும் தொகுப்பானே வெளிக் கணித நூலகங்களை இணைத்துக்கொண்டுதான் பிறக்கிறது.

எந்தப் பிழை எப்போது?

பிழைச் செய்தியைக் கண்டதும் நிரலை மாற்றி மாற்றி எழுதுவது பயன் தராது. பிழை எந்தப் படியில் நேர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

முதலாவது, தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி. இது முன்செயலியின் முறையீடு. பொதியை நிறுவுக, அல்லது பெரிய 'ஐ' கொண்டு இடத்தைக் காட்டுக.

இரண்டாவது, வரையறை இல்லாத பெயர் என்ற செய்தி. இது இணைப்பானின் முறையீடு. சிறிய 'எல்' கொண்டு நூலகத்தைச் சேர்க்க, வரிசையைச் சரிபார்க்க.

மூன்றாவது, தொகுப்பு முடிந்து, ஓட்டும்போது நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி. பகிர்வு நூலகங்கள் நிரலுக்குள் வந்து சேர்வதில்லை. ஓடும் வேளையில்தான் வந்து கைகொடுக்கின்றன. நம் கணிப்பொறியில் ஓடிய நிரலை வேறொன்றுக்கு எடுத்துச் சென்றால், அங்கும் அந்த நூலகம் இருந்தாக வேண்டும்.

நான்காவதுதான் கொடியது. அதில் செய்தியே வராது. பழைய சி விதிப்படி, அறிவிக்கப்படாத சார்பு முழு எண்ணைத் தரும் என்று தொகுப்பான் தானே எண்ணிக்கொள்ளும். தசம எண் தரும் சார்பை அறிவிக்காமல் இணைத்துவிட்டால், நிரல் தடையின்றி ஓடிப் பொருளற்ற எண்ணைத் தரும். 1999-ஆம் ஆண்டின் சி தரம் இந்த விதியை நீக்கியது. ஜிசிசி 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் இதை எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து பிழை என்ற நிலைக்கு உயர்த்தியது. பழைய தொகுப்பான்கள் உள்ள இடங்களில் எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடப்பது ஆபத்து. 'வால்' என்ற எச்சரிக்கைக் கட்டளையை எப்போதும் சேர்த்துக்கொள்வது நலம்.

எல்லாம் சரியாக இணைந்த பின்னும் ஒரு பொறுப்பு நம்மிடமே எஞ்சுகிறது. வாய்க்கால் கணக்கில் அடுக்கை 2/3 என்று எழுதினால், சி மொழி அதை முழு எண் வகுத்தலாகக் கொண்டு சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த எண்ணின் சுழிய அடுக்கும் 1. விடை 68 கன அடிக்குப் பதிலாக 89 கன அடி என்று வரும். எந்தக் கருவியும் முறையிடாது. 89-ம் நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும். இல்லாத 21 கன அடியை நம்பி முறை வைத்தால் கடைமடையில் நாற்று காயும். 2.0/3.0 என்று எழுதினால்தான் சரியான விடை. நூலகம் கேட்ட கேள்விக்கே விடை தரும். கேள்வி சரியா என்று பார்ப்பது நம் கடமை.

ஆதலின் மாணவ நண்பர்களே, இனி 'வரையறை இல்லை' என்ற செய்தி திரையில் தோன்றினால் அஞ்ச வேண்டாம். உங்கள் கணிதம் தவறு என்று அது சொல்லவில்லை. 'பெயரைச் சொன்னீர்கள், பொருள் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்' என்றே கேட்கிறது. சொல்லிவிட்டு, சிறியதொரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்து, நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். பிறர் உழைப்பில் விளைந்த நூலகத்தை முறையறிந்து பயன்படுத்துவோருக்கு, நம் ஆற்றங்கரையில் பிறந்த தொடரையும் நம் வாய்க்காலின் நீரையும் ஒரே மேசையில் கணக்கிடும் வாய்ப்பு எளிதில் கிட்டும்.